திரும்பி வந்த ஜனாஸா அறிவித்தல்

லைலா ஜனாஸா அறிவித்தலை அனுப்புமுன் ஒருமுறை உரக்க வாசிப்பார். இறந்தவரின் பெயர், ஊர், பட்டப்பெயர், தொழுகை நேரம். பட்டப்பெயரை விடவே மாட்டார். "ஹமீது எண்டா ஊருக்குப் பத்துப் பேர். டைலர் ஹமீது எண்டாத்தான் ஆள் விளங்கும்."

பகலில் பிளாக்டவுன் கண்ணாடிக் கடையில் மற்றவர் மூக்குக்கு ஏற்றபடி ஃபிரேம் வளைத்துக் கொடுப்பது அவர் தொழில். டூங்கபியில், தன் வீட்டுக் குசினி மேசையிலிருந்து நடத்துவது அங்கே புலம்பெயர்ந்து வாழும் இலங்கை முஸ்லிம்களின் மின்னஞ்சல் குழு. ஒருவர் குழுவுக்கு எழுதினால் எல்லோருக்கும் போகும். வாட்ஸ்அப் பிடிக்காத மூத்தவர்கள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஜுனைதீன் காலமானபோது, அவர் மகன் ஹனான் தன் அலுவலக முகவரியிலிருந்து குழுவுக்கு எழுதினார். தங்கள் முகவரியைப் போட்டு வேறு அஞ்சல் சேவரிலிருந்து எது வந்தாலும் அது போலி, ஏற்க வேண்டாம் என்பது அந்த அலுவலகத்தின் புதிய விதி. குழுவின் சேவர் வழியாகப் போன அறிவித்தலைப் பலருடைய அஞ்சல் சேவைகள் வாசலிலேயே திருப்பிவிட்டன. அன்றே மாலை அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. சனிக்கிழமைதோறும் ஜுனைதீனோடு கரம்போர்ட் விளையாடும் மூஸா, மறுநாள் இறைச்சிக் கடையில்தான் கேள்விப்பட்டார். அதன்பிறகு லைலாவின் அழைப்புகளை அவர் எடுக்கவில்லை.

லைலா தேடிப் பார்த்தார். திரும்பி வந்த கடிதங்கள் அவர் வழக்கமாகத் திறக்காத ஓர் இடத்தில் குவிந்து கிடந்தன. இனி எல்லாக் கடிதமும் குழுவின் முகவரியிலிருந்தே போகும்படி மாற்றினார். "இது ஆர் எழுதினதெண்டே தெரியுதில்லையே" என்று சிலர் குறைப்பட்டார்கள். "முதல் வரியில பேரப் போட்டுருங்களேன்" என்றார், மூக்கில் ஃபிரேமைச் சரிசெய்யும் அதே நிதானத்தோடு.

பிறகு மூஸாவின் வீட்டுக்குப் போனார். மூஸா கதவைத் திறந்து கதிரையைக் காட்டினார். தேநீரும் வந்தது.

"என்ட பேர வெட்டிட்டீங்களாக்கும் எண்டு இருந்தன், மகள்."

"இல்ல அங்கிள். உங்களுக்கு அனுப்பினது திரும்பி வந்திருக்கு. நான் அண்டைக்கே பாத்திருக்கோணும்."

மூஸா தேநீரை லைலாவின் பக்கம் நகர்த்தினார். பிறகு கேட்டார்: "மையவாடியில ஜுனைதீன எந்தப் பக்கம் அடக்கியிருக்காங்க? எனக்கு இப்ப கார் ஓட ஏலாது."

லைலா தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வெளியே போய், காரின் முன் இருக்கையில் கிடந்த சாமான்களைப் பின்னால் போட்டார். மூஸாவின் நீண்ட கால்களுக்கு இடம் கிடைக்கும்படி இருக்கையைப் பின்னே தள்ளிவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.