குழல் கழன்ற பிற்பகல்

பேரல் வைஸ் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பொருள். இரண்டு கனத்த இரும்புக் கட்டைகள், அவற்றை இறுக்கத் திருகாணிகள், நடுவில் துப்பாக்கிக் குழலில் கீறல் விழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு மரத்துண்டுகள். குழல் நழுவாமலிருக்க மரத்தின்மேல் கொஞ்சம் குங்கிலியப் பொடி தூவுவோம். எங்கள் பழவேற்காட்டில் படகின் இடுக்குகளை அடைக்கிற அதே குங்கிலியம். பட்டாளத்தில் நான் ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். ஓய்வுபெற்று வந்ததும் பொன்னேரியில் உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வைஸை எத்தனையோ முறை இறுக்கியிருக்கிறேன். நினைவில் நிற்பது ஒரு முறைதான். அன்று அதன் முன்னால் நின்றவள் என் அக்கா.

பகல் வேளையில் தோளில் ஒரு பழைய வலை மூட்டையோடு கடைக்குள் நுழைந்தாள். கருவாட்டு நாற்றத்தால் பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்றாள். வலையைப் பிரித்தால் உள்ளே மாமாவின் ரைபிள். மாமா என்றால் அவள் கணவர். அவருடைய அப்பா ஆரம்பாக்கம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் காவல் இருந்தபோது உரிமத்தோடு வாங்கியது. அவர் போனபின் மாமா பெயருக்கு மாறியது. வருஷக்கணக்கில் பரணில் கிடந்ததை மாமா கீழே இறக்கி எண்ணெய் போடத் தொடங்கியது, அவர்கள் மகனின் மணிக்கட்டு உடைந்த பிறகு. ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று எங்கள் குப்பத்துக்கும் அடுத்த குப்பத்துக்கும் தகராறு வந்ததில், ஒருவன் துடுப்பால் அடித்துவிட்டான். அடித்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மாமா அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் அக்காவைப் பயமுறுத்தியது.

பழக்கத்தில் நான் முதலில் ரைபிளின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை, பின்னால் இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா தெறித்து மேஜையில் உருண்டது. தோட்டா ஏறிய அந்தத் துப்பாக்கியைத்தான் அவள் மடியில் கிடத்திக்கொண்டு அத்தனை தூரம் வந்திருக்கிறாள். 

“இது வெடிக்கக் கூடாது. அந்த மாதிரி பண்ணிக் குடு” என்றாள்.

“போல்ட்ட மட்டும் எடுத்து வச்சிக்கக்கா. அது போதும்.”

“வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்குவாரு. குழலயே கழட்டு.”

உரிமம் வைத்திருப்பவர் சொல்லாமல் என்னால் கைவைக்க முடியாது என்றேன். “அப்ப இங்கயே குந்திக்கினு இருக்கேன். தேடிக்கினு வருவாரு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த பஸ்ஸிலேயே மாமா வந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் அவளிடம் கையை நீட்டினார்.

“குட்றி அத.”

“குட்த்தா இன்னா பண்ணுவ?”

அக்கா குரலை உயர்த்தாமலே பேசினாள். “நம்ம புள்ள கை ஒடஞ்சிது. அது கூடிக்கும். நீ ஜெயிலுக்குப் போயி, அங்க அடிச்சவன் பொண்டாட்டி தாலி அறுத்துட்டு நின்னா, அப்புறம் எது கூடும்?”

மாமா என் பக்கம் திரும்பினார். “மச்சான், அது எங்க நைனா காலத்துலருந்து உப்புக் காத்துல கெடந்துது. யாராலயும் கழட்ட முடியாது. வேணும்னா கழட்டிப் பாத்துக்கோ.”

சம்மதம் என்று அதை எடுத்துக்கொண்டேன். குழலை வைஸில் இறுக்கி, அது துப்பாக்கியின் உடலோடு திருகி இணையும் இடத்தில் எண்ணெய் விட்டு, ஊறும்வரை காத்திருந்து, உடலில் ரெஞ்சைப் பொருத்தி ஒரு நீளக் குழாயையும் அதன் பிடியில் செருகினேன். என் முழு பலத்துக்கும் அசையவில்லை. அக்கா எழுந்து வந்து என்னோடு குழாயைப் பிடித்தாள். கால்கள் தரையில் வழுக்க, படகை மணலில் இழுப்பவளைப்போலச் சாய்ந்து இழுத்தாள். இரண்டு முறை கை நழுவி, உள்ளங்கைத் தோல் உரிந்தது. முந்தானையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “நவுரு” என்றார். அவள் நகரவில்லை. அவள் கைக்கு மேலேயே தன் கையை வைத்து அழுத்தினார். எங்கோ எலும்பு முறிந்ததுபோல ஒரு சத்தம். அதன் பிறகு துப்பாக்கியின் உடல் சுலபமாகத் திரும்பி, குழல் தனியாகக் கழன்றது.

அன்று மாலையே துப்பாக்கியையும் குழலையும் தனித்தனியாகக் காவல் நிலையத்தில் வைத்து, உரிமத்தையும் மாமா ஒப்படைத்தார். பிறகு இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து வலை கட்டும் முறையைப் பேசி முடித்தார்கள். அக்கா மகனின் மணிக்கட்டு கூடியது, ஆனால் கொஞ்சம் கோணலாக. வலை இழுக்க அது சரிப்படாது என்று துறைமுக வேலைக்குப் போய்விட்டான்.

பல வருஷங்கள் கழித்து, போன மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனாள். பந்தலில் மாமா தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த குப்பத்திலிருந்து மாலையோடு ஒரு ஆள் வந்தான். தலை நரைத்திருந்ததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை, துடுப்பால் அடித்தவன்தான். மாலையைப் போட்டுவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் பந்தல் ஓரமாக ஒதுங்கினான். மாமா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“எப்ப வந்த?”

“இப்பத்தான்ணா. பஸ் லேட்டு.”

மாமா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“குந்து” என்றார்.