கஜபதி வீட்டு ஆறாவது விரல்

நசரத்பேட்டை முனியம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. அவர் செத்துப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. பெயர் கஜபதி. 1876 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஊரைக் காத்த தர்மவான் என்று பெரிய தெருவில் சொல்வார்கள். முனியம்மா வளர்ந்த காலனியில் வேறு பேச்சு. கஞ்சிக்கு வந்தவர்களிடம் கைநாட்டு வாங்கி, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றியவர் அவர். அவளுடைய தாத்தா சின்னப்பையனும் அப்படிப் போனவர்தான். திரும்பவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் அவளுக்கு வேலை. இடது கட்டைவிரலை ஒட்டி, அப்பாவுக்கு இருந்ததைப் போலவே, ஆறாவதாக ஒரு சின்ன விரல். மெஷினில் மாட்டாதிருக்க அதன்மேல் துணி சுற்றியிருப்பாள்.

1970இல் கஜபதிக்குக் குமணன்சாவடியில் சிலை வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. வைப்பவர் பேரன் ராஜசேகரன், ரைஸ்மில் முதலாளி. முனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கப்பலேறினவர்கள் பெயரையெல்லாம் திறப்புவிழாவில் கத்திச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பெயர்களைக் கேட்க, மண்ணூர்பேட்டையில் இருந்த எண்பது வயசு சித்தப்பா முனியனிடம் போனாள். அவர் அவள் அப்பாவின் தம்பி. தாய் ஒன்று, தகப்பன் வேறு.

"சின்னப்பையன் உனுக்குத் தாத்தாவே இல்லமே," என்றார் முனியன். "அவன் கப்பலேறி ரெண்டு வருசம் கயிச்சிதான் உங்கப்பன் பொறந்தான்."

"அப்போ யாரு?"

"எங்கம்மா பொன்னியம்மா கஜபதி ஊட்டு மாட்டுக் கொட்டாய்ல சாணி அள்ளிக்கினு இருந்தா. அவ புருசன எதுக்குக் கப்பல்ல ஏத்துனான்னு நெனக்கிற? உன் கையில கீற விரலு அந்த வம்சத்து விரலு. ராஜசேகரன் எப்பவும் கைமேல துண்டு போட்டுகினு திரியறானே, இன்னாத்துக்கு?"

முனியம்மா எழுந்து வெளியே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அரிவாள்மனையை எடுத்து விரலை வைத்தாள். புருஷன் துலுக்கானம் பாய்ந்து கையைப் பிடித்தான்.

"வெட்டிட்டா ரத்தம் மாறிடுமா?"

"மாறாது," என்றாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மனையை மடக்கி வைத்தாள்.

விழாவன்று கைத்துணியை அவிழ்த்துவிட்டுப் போனாள். ஐயாவின் வாரிசுகள் மாலை சூட்ட வரலாம் என்று மைக்கில் அழைத்ததும் மேடையேறினாள்.

"நானும் பேத்திதான். மாலைய இப்டிக் குடு."

"யாரு நீ? எறங்கு," என்றார் ராஜசேகரன்.

அவர் துண்டைப் பிடுங்கி, கையைத் தன் கையோடு சேர்த்து மேலே தூக்கினாள். இரண்டிலும் ஆறு விரல்.

"பாத்துக்கோங்க! புருசன கப்பல்ல ஏத்திட்டு பொண்டாட்டிய எடுத்துக்கின தர்மவான் இவுங்க தாத்தா. எனக்கும் அவன்தான் தாத்தா. இல்லன்னு சொல்லு அண்ணாத்தே!"

ராஜசேகரன் கையை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஆட்கள் அவளை இழுத்துக் கீழே தள்ளினார்கள். உதடு கிழிந்தது. ஆனால் அன்று சிலையின் முகத்துணியை யாரும் விலக்கவில்லை.

ராஜசேகரன் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. மில்லை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பட்டணத்துக்குள் போய்விட்டார். செய்தி கேட்ட அன்று முனியம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டாள். அவளுடைய சொந்த அண்ணன் மட்டும், அப்பா மானத்தை மேடையேற்றிவிட்டாள் என்று, கடைசிவரை அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்கு அவள் அழவும் இல்லை, சமாதானம் பேசப் போகவும் இல்லை.

மழையில் நைந்து சிலையின் முகத்துணி தானாகவே விழுந்தது. குமணன்சாவடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் சிலையின் காலடியில் காறித் துப்பிவிட்டுத்தான் ஏறுவாள்.

"போதும்மே, உட்ரு," என்றான் துலுக்கானம் ஒருநாள்.

"இன்னும் இல்ல," என்றாள்.