பனித்தட்டோடு போன பெட்டி

கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட், கார்ச் சாவி எல்லாவற்றையும் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத்தான் கிளிபோட் கணினிக்கு முன்னால் உட்காருவார். கனடாவின் மார்க்கம் நகர அலுவலகத்தில் இதற்கு ஒரு தேவையும் இல்லை. வடதுருவக் கடலில் மிதக்கும் பனித்தட்டுகளில் நின்று வேலை செய்த இருபது வருடப் பழக்கம். மில்லிக்கன் பகுதியில் இருக்கும் தங்கள் வீட்டில் சோறு வடிக்கும்போதும் மனுசன் மோதிரத்தைக் கழற்றுவார் என்று மனைவி கிறிஸ்ரினா சொல்லிச் சிரிப்பார். இந்த வருடம் அந்த வீட்டில் சிரிப்பே இல்லை.

வேலை இதுதான்: பனியில் நின்றபடி கடலடி நிலத்துக்கு மின்காந்த அலையை அனுப்பி, நிலம் என்ன பதில் சொல்கிறதென்று பதிவது. "மெல்லிசா முணுமுணுக்கும். பக்கத்தில சும்மா ஒரு இரும்புத்துண்டோ ரேடியோவோ கிடந்தாலும் கெடுத்துப்போடும்," என்பார்.

சித்திரையில், பதிவில் இரைச்சல் விழுகிறதென்று, தட்டு போகும் இடத்தைச் செய்மதிக்குச் சொல்லும் பீக்கன் கருவியை ஆறு மணித்தியாலம் நிறுத்தினார். அதற்குள் பனி வெடித்தது. ஹெலிகொப்டர் வந்து ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டது. இரண்டு மாதப் பதிவு முழுக்க இருந்த பெட்டியும், நிறுத்தியபடியே இருந்த பீக்கனும் தட்டோடு போய்விட்டன. வேறு பிரதி கிடையாது. பீக்கன் பழுதாகிவிட்டதென்று அலுவலகம் நினைத்தது. கிளிபோட் வாய் திறக்கவில்லை. கூட வேலை செய்யும் நிரோஷினியிடம் மட்டும் சொன்னார். "ஒரு சுவிச்சு, பிள்ளை. என்ர கையாலயே நிப்பாட்டினன்."

பெட்டி கிடைத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அதனால் தினமும் காற்றையும் நீரோட்டத்தையும் வைத்துத் தட்டு எங்கே நிற்குமென்று கணக்குப் பார்த்தார். இரண்டு தரம் விமானம் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியது. மத்தியானச் சாப்பாடு நின்றது. ஞாயிற்றுப் பூசையும் நின்றது. "ஆண்டவருக்குத் தெரியும் பெட்டி எங்க கிடக்குதெண்டு. எனக்குச் சொல்லமாட்டார். பிறகேன் நான் கோயிலுக்குப் போவான்?" என்று கிறிஸ்ரினாவிடம் கேட்டார்.

ஆவணியில் ஒரு காலை பனி வரைபடத்தைத் திறந்தார். அவர் கணக்குப் போட்ட இடமெல்லாம் வெறும் தண்ணீர். தட்டு கரைந்தால் பெட்டி கடலடியில்தான்.

நிரோஷினி இழப்பு அறிக்கையோடு வந்தாள். "இட்ஸ் கோன், அண்ணை. காரணம் பீக்கன் பழுது எண்டு எழுதியிருக்கிறன். நீங்கள் சைன் மட்டும் பண்ணினாக் காணும். உண்மை தெரிஞ்சா உங்களை இனி ஐசுக்கு அனுப்பமாட்டினம்."

"ஓம், அனுப்பமாட்டினம்."

பனியை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை ஆற அமர வாசித்தார். பிறகு அவளிடம் பேனையை வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'பீக்கன் பழுது' என்றிருந்ததை ஒரே கோட்டால் வெட்டி, அதற்கு மேலே தன் பெயரை எழுதினார்.