பொட்டு வைத்த கிராஃபிக்ஸ் கார்டு

ஜெசிந்தா போய்விட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் போனில் சொன்னபோது, நான் ஒரு வீட்டின் படத்தைக் கணினியில் முடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவும் தோன்றவில்லை, தொடரவும் கை வரவில்லை. எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டட வரைபட அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொண்டவள். பிறகு காந்திபுரத்தில் சொந்தக் கடை வைத்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

அலுவலகத்தை மூடியதும், வீட்டிலிருந்தே முப்பரிமாணப் படம் செய்து பிழைக்கலாம் என்று துணிந்தேன். அதற்காக இணையத்தில் தேடி, இருப்பதிலேயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டாக வாங்கினேன். ஜெசிந்தாவிடம் கேட்கவில்லை. இத்தனை வருடம் கணினி முன்னால் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ற வீறாப்பு. கார்டு வந்த மறுநாள் ஆயுத பூஜை. தறிக்கும் லேத்துக்கும் ஸ்கூட்டருக்கும் வைக்கிற மாதிரி, கார்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். அப்புறம் மாட்டப் போனால் கணினிப் பெட்டிக்குள் நுழையவே இல்லை. இரண்டு விரற்கடை நீளம் அதிகம். பொட்டு வைத்ததை எந்தக் கடைக்காரர் திருப்பி எடுப்பார்? முதல் வேலையை அந்த வாரமே கொடுத்தாக வேண்டும். அது தவறினால் அடுத்ததை யாரும் தரப்போவதில்லை.

வேறு வழியில்லாமல் ஜெசிந்தாவை அழைத்தேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை எத்தனை வாட் என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வராமல், அறுநூற்றைம்பது என்று அடித்துவிட்டேன். நேரில் வந்து மூடியைக் கழற்றியவள் பவர் சப்ளையில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். முந்நூறுதான்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு அம்மணி. நீ சொன்னதை நம்பிப் பெரிய பொட்டியா மாத்தி மாட்டியிருந்தா, அந்தக் கார்டுக்குக் கரண்டு பத்தாம வேலை நடுவுல மெஷின் படுத்திருக்கும்."

பிறகு என்ன மென்பொருள், எவ்வளவு பெரிய படம் என்று பொறுமையாக விசாரித்து, தனி மின்கம்பி கேட்காத சின்னக் கார்டு ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்து மாட்டினாள். என் வேலைக்கு அது தாராளம். பெரியதை, நடந்ததைச் சொல்லியே இன்னொருவருக்கு விற்றுக் கொடுத்தாள். "பூஜை போட்டதுங்க, உங்க பொட்டியில நுழைஞ்சா எடுத்துக்கங்க" என்றாளாம்.

போன மாதம் அவளைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். வந்தவர்கள் எல்லோரும் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் மட்டும் இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனம்மணி, எனக்குச் சரியாயிருமா?"

"தெரியலை ஜெசி" என்றேன்.

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம், அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அன்று அதைச் சொன்னதால்தான், யாரிடமும் சொல்லாத பயத்தையெல்லாம் சாயங்காலம் வரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.