தொழுவத்துக்குப் பினாயில்

எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது என்ற செய்தி சின்னமனூர் வரை போயிருந்தது. விவரம் தெரியாதவர்கள் நிலத் தகராறா, அடிதடியா என்று விசாரித்தார்கள். சாணத்திலிருந்து வருகிற கேஸ், அடுப்பெரிக்க என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும்.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் தெருவில் அதை அமைத்தவர் அப்பா. தொழுவத்துக்குப் பின்னால் கிணறு போல ஒரு குழி. அதன் மேல் கவிழ்த்த இரும்பு டிரம். உள்ளே கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். எழும்பிய உயரத்தை அப்பா தினமும் காலையில் சாக்பீஸால் குறிப்பார். அத்துடன் அவர் வேலை முடிந்தது. மற்றதெல்லாம் அவர் தங்கை, என் அத்தை. சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து ஊற்றுவாள். வெளியே வரும் கரைசலை வாழைக்குப் பாய்ச்சுவாள். பள்ளிப் படிப்பை முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

இந்தக் கேஸ் கலனோடு வந்த விதிப் புத்தகத்தை முதல் நாளே அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டியதும் அவள்தான். முக்கியமான இடம் வந்தால் குறிப்பதற்குக் கையில் பென்சில் வைத்திருந்தாள். அப்பா மூன்றாவது விதியிலேயே தூங்கிப்போனார். நான் பக்கத்தில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு வரன் சொல்லத் தரகர் வந்தார். ஜெயமங்கலத்தில் நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி வீடு. பெண்ணைவிடக் கேஸைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்களாம்.

“பதினெட்டு உருப்படி மாடு நிக்குது அங்கன. இந்தப் புள்ள வந்துட்டா, சாணி அள்ளுற ரெண்டு ஆளையும் நிறுத்திப்புடலாம்னு சொல்றாக. அம்புட்டு ஆசையா இருக்காக” என்றார் தரகர். அதைப் பெருமையாகவே சொன்னார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை, “பதினெட்டா?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவானது. அவர்கள் கண்ணெதிரே கேஸ் அடுப்பில் பால் காய்ச்சிக் காப்பி போட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்ததும் அத்தை இரண்டு பாட்டில் பினாயிலைக் கொடுத்தாள்.

“ஏத்தா, விருந்தாளுக வாராகள்ல. தொழுவத்தக் கழுவி விடு. மிச்சம் வைக்காம ஊத்து.”

ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். வெள்ளைத் தண்ணீர் வாய்க்கால் வழியே சாணம் கரைக்கும் தொட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து குழிக்குள் போனது. தொழுவம் ஆஸ்பத்திரி போல மணந்தது. மாடுகள் தும்மின. “புள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சே” என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை சாக்பீஸ் கோடு முந்தின நாள் கோட்டுக்குக் கீழே விழுந்தது. புதன்கிழமை இன்னும் கீழே. “வெயில் இல்லேல்ல” என்று அப்பா வானத்தைக் குறை சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தகப்பனார் நாற்காலியை அடுப்பங்கரைக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீலத் தீ எரிந்தது. பாலில் ஆடை கட்டும் நேரத்தில் தீ ஒருமுறை குதித்து அணைந்தது. அப்பா ஐந்து தீக்குச்சி கிழித்தார்.

“என்னப்பா, சாணி கோவிச்சுக்கிருச்சா?” என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. “நல்ல காரியம் பேச வந்த எடத்துல அடுப்பு தானா அணைஞ்சு போச்சு. எந்திரிங்க போவோம்.” தட்டிலிருந்த வெற்றிலையைத் தொடாமலே கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் கலன் பொருத்திய மெக்கானிக் வந்து தொட்டியை மோந்து பார்த்தார். “யாரு பினாயில ஊத்துனது? சாணியப் புளிக்க வைக்கிற உசுரு பூராம் உள்ள செத்துப்போச்சே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அத்தை குறுக்கே வந்து நின்றாள். “விடுங்க மதினி. சின்னப்புள்ள, சுத்தம்னு நெனச்சுச் செஞ்சுட்டா.”

பாட்டிலைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. பாவம், அத்தையும் தெரியாமல்தானே கொடுத்தாள் என்று நானும் அதைச் சொல்லவில்லை. அடியிலிருந்து காப்பாற்றியவள் மேல் அன்று எனக்கு அப்படி ஒரு பாசம்.

குழியில் பாதியை வெளியே இறைத்து, புதுச் சாணம் கரைத்து விட்டாள் அத்தை. மூன்று வாரத்தில் டிரம் பழைய கோடுகளையெல்லாம் தாண்டி எழும்பியது. அடுத்த மாதம் அவளுக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து சேரச் சொல்லிக் கார்டு வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே சாணம் கரைக்கப் பழகினார்.

பஸ் ஏறும்போது அத்தை விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். “அண்ணன் தூங்கிருவாக. நீ வாசிச்சுச் சொல்லு.”

பஸ் போனதும் பிரித்துப் பார்த்தேன். ஐந்தாவது விதி: தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீர் கலனுக்குள் போகக் கூடாது. புத்தகம் முழுவதிலும் அதன் கீழே மட்டும்தான் பென்சில் கோடு இருந்தது. என் தப்பைக் குத்திக்காட்டத்தான் ஊருக்குப் போகும்போது போட்டிருக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. ரப்பரை எடுத்து அழித்தேன். பழைய கோடு, லேசில் போகவில்லை.