வாயில் இயேசு

கேட்டி என்ற ஊரில் என் கண் கிளினிக்கின் ரிசப்ஷனில் இருப்பவள் மெக்சிகோக்காரி. சர்ச் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வாயைத் திறந்தால் புனிதர்கள்தான். சொல்ல வந்தது மறந்துவிட்டால், "என் புனிதர் வானத்துக்குப் போயிட்டார்" என்பாள். இன்சூரன்ஸ்காரர்கள் போனில் ஒரு மணி நேரம் காக்க வைத்தால் அது சிலுவைப்பாதை.

நானோ திருநெல்வேலிப் பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவள். "கடவுளே" என்று சும்மா அலுத்துக்கொண்டாலே அப்பா முறைப்பார். இவள் இவ்வளவு தாராளமாகப் புழங்கியும் இவளுடைய கடவுள் கோபித்துக்கொள்ளவில்லையே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கொஞ்சம் பொறாமையும்தான். பிரசங்கத்தைக் குறிப்பெடுப்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. நான் சர்ச்சை விட்டுப் பல வருஷம் ஆகியும் கை மட்டும் அடங்கவில்லை. கோட்டுப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். அவள் ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல எழுதுவேன். அவளும் சிரித்துக்கொண்டே எழுத்துக்கூட்டித் தருவாள்.

போன மாதம் அவள் கணவருக்கு இதய ஆபரேஷன். மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். "லீவு எடுத்துக்கோ" என்றேன். அங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்கு வந்துவிட்டாள். மதியம் ஆகியும் தகவல் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"வாயில இயேசுவோட இருக்கேன்" என்றாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குப் புதிது. கை தானாக நோட்டை எடுத்தது. "இன்னொரு தடவ மெதுவா சொல்லு" என்றுகூடக் கேட்டுவிட்டேன், பாவி.

அவள் என் பேனாவைப் பார்த்தாள். "இத எழுதாதீங்க, டாக்டர். ப்ளீஸ்."

கூசிப்போனேன். என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் ஆட்கள் செய்வதைச் செய்தேன். அவளைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப்போய், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினேன். நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அப்பாவின் ராகத்தில் தமிழ் தானாக வந்தது. "கர்த்தாவே, இரங்கும். இந்த வீட்டுக்கு இரங்கும்." முடித்தபோது இரண்டு பேரும் ஒன்றாக ஆமென் சொன்னோம்.

மூன்றரை மணிக்கு மகள் கூப்பிட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, அப்பா கண் திறந்துவிட்டார். அவள் மேஜையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

கிளம்பும்போது கார் சாவியோடு திரும்பி வந்தாள்.

"திரும்பத் திரும்ப ஒரு வார்த்த சொன்னீங்களே, அது என்ன?"

"இரங்கும்."

உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு தயங்கியபடி என் பையில் இருந்த நோட்டைக் காட்டினாள்.

"நான் எழுதிக்கலாமா?"

இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூட அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.