வாசலில் வேப்பிலை, கையில் மாத்திரை

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது ராசிபுரத்தில் இருந்தோம். வீட்டுக்குள்ளேயே தறி. என் கணவர் நெய்வார், நான் நாடாவுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பேன். சின்ன வயதிலேயே கணவனை இழந்த என் நாத்தனாரும் எங்களோடுதான் இருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். எதைப் பார்த்தாலும் ஏன், எதுக்கு என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "உன்ற வாய்க்கு ஒரு தாப்பாள் போடோணும் அம்மிணி" என்று நங்கையா நாள் தவறாமல் சொல்வார்.

இழை மங்கலாகத் தெரிகிறது என்று என் கணவருக்குக் கண்ணாடி போட சேலம் போனோம். அந்தக் கண் டாக்டர் கண்ணை விட்டுவிட்டு, இமைகளின் ஓரத்தில் இருந்த மஞ்சள் மஞ்சளான திட்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அது அதிசயமாக இருந்தது. ஏனென்றால் அந்தத் திட்டுகளை நாங்கள் வியாதியாக நினைத்ததே இல்லை. என் மாமனாருக்கும் அப்படித்தான் இருந்ததாம். "எங்க அப்பனாட்டமே இருக்குது பாரு" என்று நங்கையா பெருமையாகக் காட்டுவார்.

"உங்க அப்பா இருக்காரா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார் இவர். நாற்பது முடிவதற்குள் தறியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் அவர். இவருக்கு அப்போது முப்பத்தெட்டு. டாக்டர் உடனே ஒரு சீட்டு எழுதி, அடுத்த தெருவில் இருந்த இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். மறுபடி போனபோது, ரத்தம் பிடித்து வைத்த கண்ணாடிக் குழாயை எனக்குக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அடியில் ரத்தம் உறைந்து கிடந்தது, மேலே நின்ற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டியதாம். இவருடையது பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அடி ஆத்தி, மனுஷன் உடம்புக்குள் இப்படியும் ஓடுமா! ரத்தத்தில் கொழுப்பு மிஞ்சிப் போய்விட்டது, அது ரத்தக் குழாய்களில் படிந்தால் நெஞ்சுக்குக் கேடு, அப்பாவுக்கு வந்தது மகனுக்கும் வரலாம் என்று அந்த டாக்டர் விளக்கினார். வீட்டில் வந்து சொன்னதும் நங்கையாவுக்கு ஒரே கோபம். "எந்தம்பிக்குக் கொழுப்பா? வாயில்லாப் பூச்சிக்கு?" என்று டாக்டரை ஒரு பிடி பிடித்துவிட்டார்.

கொழுப்பைக் குறைக்க ஒரு சீசா மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இவரோ விடிந்ததும் கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுத் தறியில் உட்காருகிறவர். சோறு பத்து மணிக்கு மேல்தான். காப்பியும் வயிற்றுக்குள் போனதுதானே, அதுவும் சாப்பாடுதானே என்பது அவர் கணக்கு. அதோடு எங்கள் பக்கம் அன்று யாரும் பச்சைத் தண்ணீரில் மருந்து விழுங்க மாட்டார்கள், சளி பிடிக்கும் என்று பயம். ஆக, முதல் மாத்திரை சுடச்சுடக் காப்பியோடு உள்ளே போனது.

கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் மனுஷன் முகம், காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. "எரியுது புள்ள, ஊசி குத்தறாப்புல இருக்குது" என்று சொறிகிறார். நங்கையாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

நங்கையா ஓடி வந்து பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கறா" என்றார்.

அந்தக் காலத்தில் அம்மை என்றால் விளையாட்டில்லை. ஊரில் ஆங்காங்கே இருந்தது. வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது. தறியை நிறுத்தியாயிற்று, அடுப்பில் தாளிப்பு இல்லை, இவரை வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தாயிற்று. ஆத்தா வந்திருக்கும் வீட்டில் மருந்து வாயில் படக்கூடாது என்று மாத்திரைச் சீசாவை நங்கையா எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வேப்பிலை பார்த்த பிறகு அக்கம்பக்கத்தார் எங்கள் படியேறவில்லை.

எனக்குத்தான் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அம்மை என்றால் காய்ச்சல் அடிக்கும், முத்து போடும், வாரக்கணக்கில் படுத்தும். இவருக்கோ உலையில் போட்ட அரிசி வேகும் முன்னாலேயே சிவப்பு வடிந்து, எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். இது என்ன அம்மை? கேட்டேன். "அவ வருவா, போவா, உன்னக் கேட்டுக்கிட்டா வருவா?" என்றார் நங்கையா.

சாத்திரப்படி நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், ஆத்தா இறங்கிவிட்டாள் என்று மாத்திரைச் சீசாவும் வெளியே வந்தது. மறுநாள் விடியற்காலையில் காப்பி, மாத்திரை. மறுபடியும் அதே சிவப்பு, அதே எரிச்சல். இந்த முறை நங்கையா தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆத்தாளுக்கு அந்த மாத்திரை ஆகவில்லையாம். தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். இவரும் சரி என்றுவிட்டார். "எனக்கு வேண்டாம் புள்ள, இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தறியில் உட்கார்ந்துதான் மாமனார் போனார். இவர் மருந்தை விட்டால் நாளைக்கு என் கதி என்ன? பெரியவர் என்று பார்க்காமல் கத்திவிட்டேன். ஆத்தா இல்லை, மாத்திரைதான் இப்படிப் பண்ணுகிறது, அதை டாக்டரிடம் கேட்டால் போகிறது என்றேன்.

"மாத்திரைக்கு மொகஞ் செவக்குமா? அப்படீன்னா எனக்குஞ் செவக்கோணுமல்ல?" என்றார் நங்கையா. நான் கையைப் பிடிப்பதற்குள் ஒரு மாத்திரையை வாயில் போட்டு, மிச்சமிருந்த சூடான காப்பியை மடக் மடக் என்று குடித்துவிட்டு, சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை. அவர் என்னைப் பார்த்து நக்கலாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார். பிறகு காது நுனியைத் தொட்டார். கழுத்தைத் தேய்த்தார். "ஏம்புள்ள, காத்தே இல்லியா இன்னிக்கு?" என்றார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்த மாநிற முகம் செம்பு நிறமாக மாறியது. எனக்குப் பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். இவர் விசிறியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினார்.

சிவப்பு இறங்கியதும் நங்கையா எழுந்து முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தார். "கெளம்புங்க, சேலத்துக்குப் போலாம். அந்த டாக்டர நானே கேக்கறேன்."

மாத்திரை கொடுத்த டாக்டர் முழுவதும் கேட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் நங்கையாவைப் பார்த்து, "அம்மா, ஒருத்தருக்குக் கொடுத்த மருந்தை இன்னொருத்தர் தொடலாமா? உங்களுக்கு வேற ஏதாவது வியாதி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று சத்தம் போட்டார். பிறகுதான் விளக்கம் சொன்னார். அந்த மாத்திரை தோலுக்குள் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களை விரிக்குமாம், அதனால்தான் சிவப்பும் எரிச்சலும். வெறும் வயிறும் கொதிக்கும் காப்பியும் சேர்ந்தால் இரண்டு மடங்காகுமாம். "இதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லாம விட்டது என் தப்பு" என்றார். ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவர் கொஞ்சமாக ஆரம்பித்து மெதுவாக ஏற்றிக் கொடுத்தார். நன்றாகச் சோறு சாப்பிட்ட பிறகு, குளிர்ந்த தண்ணீரோடு. தானாக நிறுத்தவும் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது. சாராயம் ஆகவே ஆகாது. ஈரல் கெடாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் கொடுக்க வேண்டும், கண் மஞ்சளடித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே ஓடி வர வேண்டும் என்றார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார். வெளியே வரும்போது, "நல்லாத்தான் கேட்ட அம்மிணி" என்று நங்கையா என் தோளைத் தட்டினார்.

அப்புறமும் லேசாகச் சிவந்தது. ஆனால் பயமில்லை, உடம்பும் பழகிக்கொண்டது. அது நிகோடினிக் ஆசிட் என்ற மருந்து என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இப்போது கொழுப்புக்கு வேறு மாத்திரைகள்தான் தருகிறார்கள், அவற்றுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ராத்திரி போட வேண்டியது, சதை வலித்தால் சொல்ல வேண்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரம் இருக்கிறது.

சில வருஷம் கழித்து ஒரு பொங்கலன்று, சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டே நின்ற நங்கையா திடீரென்று பொங்கிப் பொங்கி அழுதார். என்னவென்று பதறினேன். "எங்க அப்பன் வயசத் தாண்டிட்டான் அம்மிணி, எஞ்சாமி" என்றார். நானும் அவரோடு சேர்ந்து அழுதேன். அதற்குப் பிறகும் பல காலம் என் கணவர் என்னோடு இருந்தார், பேத்திக்குத் தாலி கட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இன்றைக்கும் ஒரு புது மாத்திரை என் கைக்கு வந்தால், இது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று டாக்டர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த அறையை விட்டு நான் எழுந்திருப்பதில்லை. கேட்க வெட்கப்பட்டிருந்தால் அன்றைக்கே என் மனுஷனைத் தறிக்குக் கொடுத்திருப்பேன்.